டீசலைத் தூக்குறது யாரு?

திரிபுரம் எரித்த தலம்னு பேர் வாங்கின ஊர் திருவதிகை. அந்த ஊர்ப்பக்கத்துல இருந்துகிட்டு எரிபொருள் பத்தி ஒரு பதிவுகூடப் போடலைன்னா நல்லாவா இருக்கும்? :-) இன்ஜின், டர்போ, மைலேஜ்னு எல்லாரும் பேசுற சமாச்சாரம் இல்லை இது. வண்டியில யாருமே கண்டுக்காத ஒரு சின்னப் பொருள். பட்டறையில ஃபீட் பம்ப்னு சொல்லுவாங்க, புத்தகத்துல லிஃப்ட் பம்ப்னு இருக்கும். டேங்க்ல கிடக்கிற டீசலை இழுத்து, ஃபில்டர் வழியா, இன்ஜினை ஒட்டி இருக்கிற பெரிய பம்ப்புக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். அவ்வளவுதான் அதோட உத்தியோகம்.

டிஸ்கி: அடியேன் மெக்கானிக் கிடையாது. பட்டறை வாசல்ல டீ கிளாஸோட நின்னு வேடிக்கை பார்க்கிற ரகம். வேடிக்கை பார்த்ததும் படிச்சதும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

கெடிலத்துக்கு ரெண்டு பக்கமும் பலாவும் முந்திரியும்தான் பிழைப்பு. சீசன்ல பலாப்பழம் ஏத்தின பிக்கப் ராத்திரி பண்ருட்டியில கிளம்பினா விடியறதுக்குள்ள கோயம்பேட்டுல நிக்கணும். வண்டி நிறைய பேருக்குக் கடன்ல எடுத்தது. நடுவழியில "இழுவை இல்லை", "ஏர் லாக் ஆயிடுச்சு"ன்னு நின்னா, அன்னிக்கு வாடகையும் போச்சு, பழத்துக்காரர்கிட்ட பேரும் போச்சு. அப்படி ரெண்டு தடவை நின்ன ஓனர் பட்டறைக்கு வந்து கேக்குற முதல் கேள்வி இதுதான்: "அண்ணே, இந்த ஃபீட் பம்ப்பைக் கழட்டிப் போட்டுட்டு பெருசா ஒண்ணு மாட்டிடலாமா?"

கேள்வியில தப்பே இல்லை. ஆனா இதுக்கு எல்லா வண்டிக்கும் பொதுவா ஒரே பதில் கிடையாது. வண்டி எந்தக் காலத்தோட வண்டிங்கறதைப் பொறுத்து பதில் மாறும். அதைப் புரிஞ்சுக்கணும்னா நூறு வருஷக் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கணும். டீசலைத் தூக்குற வேலை யார் யார் கைக்கு மாறிச்சுங்கறதுதான் அந்தக் கதை.

தூக்கவே வேண்டாத காலம்

கிணத்துக்குக் கரண்ட் மோட்டார் வர்றதுக்கு முன்னாடி, இந்தப் பக்கத்து வயல்கள்ல "டுக்கு டுக்கு"ன்னு ஓடினது ஆயில் இன்ஜின். கிர்லோஸ்கர் பேர் போட்டது இன்னும் சில கொட்டகைகள்ல தூங்கிக்கிட்டிருக்கும். கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் கம்பெனி புனேயில ஆரம்பிச்சது 1946-ல். அந்த மாதிரி இன்ஜினைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், டீசல் டேங்க் இன்ஜினுக்கு மேலதான் உக்காந்திருக்கும். மேல்நிலைத் தொட்டியிலேர்ந்து குழாய்க்குத் தண்ணி வர்ற மாதிரி டீசல் தானா கீழ இறங்கும். ஃபீட் பம்ப்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அந்த வேலையைச் சம்பளம் இல்லாம செஞ்சது புவியீர்ப்பு.

ருடால்ஃப் டீசல் தன் இன்ஜினுக்கு 1892-ல காப்புரிமைக்கு மனு போட்டார். ஜெர்மனியில ஆக்ஸ்பர்க் நகரத்துல 1897-ல உருப்படியா ஓடிக் காட்டினார். ஆனா அன்னிக்கு டீசலை இன்ஜினுக்குள்ள செலுத்தினது அழுத்தின காத்து. அதுக்குன்னே தனியா ஒரு பெரிய கம்ப்ரஸர் வேணும். கப்பல்லயும் ஆலையிலயும் வைக்கலாம், லாரியில வைக்க முடியாது. காத்து இல்லாம டீசலை நேரா அழுத்திச் செலுத்துற பம்ப்பைச் செய்யணும்னு ராபர்ட் போஷ் 1922-ல முடிவெடுத்தார். அது தொழிற்சாலையில வரிசையா உற்பத்தியாகி வெளிய வந்தது 1927-ல். டீசல் லாரி பெருகினதுக்கு அந்தப் பம்ப்தான் முக்கியமான காரணம்.

இங்கதான் நம்ம சின்னவர் கதைக்குள்ள வர்றார். லாரியில டேங்க்கை இன்ஜினுக்கு மேல வைக்க முடியுமா? சேஸிஸ் பக்கவாட்டுல, சக்கர உயரத்துலதான் தொங்கும். இன்ஜின் அதுக்கு மேல, பல அடி முன்னால. டீசல் தானா மேல ஏறாது. யாராவது தூக்கிக் கொடுக்கணும்.

பெரிய பம்ப்போட நிலைமையையும் யோசிச்சுப் பாருங்க. உள்ள இருக்கிற பிளஞ்சருக்கும் அது ஓடுற குழலுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி மைக்ரான் கணக்கு. தலைமுடி தடிமன்ல ஒரு துளிப் பங்கு. அதுக்கு உயவு எண்ணெயே அது அனுப்புற டீசல்தான். டீசல் நிறைஞ்சு வரலைன்னா அது வெறும் வயித்துல ஓடி, இரும்போட இரும்பு உரசும். காத்து கலந்து வந்தா அழுத்தமே ஏறாது. காத்தை எவ்வளவு அழுத்தினாலும் அது சுருங்கிக்கும், டீசல் அப்படிச் சுருங்காது. ஏர் லாக்னு சொல்றது இதைத்தான்.

கையால தூக்கின காலம்

மைகோன்னு நம்ம எல்லார் வாய்லயும் பழகின கம்பெனி பெங்களூர்ல தொடங்கினது 1951-ல். முழுப்பேர் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி. போஷ் தொழில்நுட்பம். 2008-ல அது பேரே போஷ்னு மாறிடுச்சு, ஆனா பட்டறையில இன்னும் "மைகோ பம்ப்"தான். டெல்கோ ஜாம்ஷெட்பூர்ல டைம்லர் பென்ஸ் கூட்டோட லாரி செய்ய ஆரம்பிச்சது 1954-ல். எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்டுன்னு பேர் மாறினது 1955-ல். அதே 50-கள்லதான் சென்னை சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினைச் செய்ய ஆரம்பிச்சாங்க. ஒரே பத்து வருஷத்துல நம்ம ரோடு பெட்ரோல்லேர்ந்து டீசலுக்கு மாற ஆரம்பிச்சது.

அந்த லாரிகள்ல பெரிய பம்ப், நீளமான வரிசைப் பம்ப். அதோட இடுப்புல ஒட்டிக்கிட்டு ஒரு சின்ன ஃபீட் பம்ப். பெரிய பம்ப்போட கேம் தண்டே இதையும் ஓட்டும். கேம் ஒரு தள்ளு தள்ளும், உள்ள இருக்கிற பிளஞ்சர் பின்னால போய் ஸ்பிரிங்கை அமுக்கும். கேம் விலகினதும் ஸ்பிரிங் பிளஞ்சரைத் திருப்பித் தள்ளும். டீசல் முன்னால போறது ஸ்பிரிங் தள்ளும்போதுதான். அதே நேரத்துல மறுபக்கம் டேங்க்லேர்ந்து புது டீசலை இழுத்துக்கும்.

இதுல ஒரு அழகான சமாச்சாரம் இருக்கு. அனுப்புறது ஸ்பிரிங்தான்கிறதால, எதிர்ப்பக்கம் அழுத்தம் போதும்ங்கற அளவுக்கு ஏறிடுச்சுன்னா ஸ்பிரிங்கால பிளஞ்சரைத் தள்ள முடியாது. பிளஞ்சர் பாதி வழியில நின்னுடும். கேம் சுத்திக்கிட்டே இருந்தாலும் பம்ப் அனுப்புறதைத் தானா குறைச்சுக்கும். தேவைக்குத் தகுந்த மாதிரி அளந்து கொடுக்கும். எலக்ட்ரானிக்ஸ் கிடையாது, சென்சார் கிடையாது. ஒரு ஸ்பிரிங். அழுத்தம்னு பார்த்தா ஒரு காரோட டயர்ல இருக்கிற காத்து அளவு, அதுக்கும் கீழதான்.

அது தலையில ஒரு குமிழ் இருக்கும், ஹேண்ட் பிரைமர். வண்டி டீசல் தீர்ந்து நின்னுச்சா? ஃபில்டர் மாத்தினீங்களா? குமிழைத் திருகிவிட்டு, மேலும் கீழுமா அடிக்கணும். ஃபில்டர் தலையில இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தி வச்சா முதல்ல நுரையா வரும், அப்புறம் குமிழி குமிழியா, அப்புறம் சுத்தமான டீசல். ஸ்க்ரூவை முடுக்கு, ஸ்டார்ட் பண்ணு. நடுராத்திரி ரோட்டோரத்துல பனியன் போட்ட கிளீனர் பையன் இதைச் செஞ்சு வண்டியைக் கிளப்பிடுவான். வேணும்னா நாசில் பைப் நட்டையும் லேசாத் தளர்த்திக் காத்தை விடுவான். இன்ஜினுக்குக் காம் ஷாஃப்ட் செய்யற வேலையை மனுஷன் கையாலயும் செய்யலாம்ங்கற ஏற்பாடு அது.

ஏ.சி. பம்ப்

அடுத்து சின்ன வண்டிகள். வரிசைப் பம்ப் கனமானது, விலையும் ஜாஸ்தி. இங்கிலாந்து சி.ஏ.வி. கம்பெனி 1950-கள்ல டி.பி.ஏ.ங்கற ரோட்டரி பம்ப்பைக் கொண்டுவந்தது. டிராக்டருக்கும் சின்ன டீசலுக்கும் அது தோதா இருந்தது. மஹிந்திரா 1970-கள்ல ஜீப்பில டிராக்டர் வழி வந்த டீசல் இன்ஜினை வச்சாங்க, அப்புறம் 80-கள்ல பெஜோ டீசல். டாடா 407 வந்தது 1986, டாடா மொபைல் பிக்கப் 1988. நம்ம ஊர்ல பிக்கப்ங்கற வார்த்தையே அதுக்கப்புறம்தான் புழக்கத்துக்கு வந்துச்சு.

ரோட்டரி பம்ப் வச்ச இன்ஜின்கள்ல பெரும்பாலும் இன்ஜின் பக்கவாட்டுல ஒரு டயாஃப்ரம் பம்ப் இருக்கும். பட்டறைப் பாஷையில ஏ.சி. பம்ப். இன்ஜின் காம் ஷாஃப்ட் ஒரு நெம்புகோலை அசைக்கும், அது ஒரு ரப்பர் துணித் தகட்டை மேலும் கீழும் இழுக்கும். விலை குறைவு, ரிப்பேர் சுலபம். பக்கத்துல கைநெம்புகோலும் உண்டு.

இதுக்கு ஒரு வியாதி உண்டு. தகடு கிழிஞ்சா டீசல் வெளிய சொட்டாம இன்ஜினுக்குள்ள இறங்கி சம்ப் ஆயிலோட கலந்துடலாம். ஆயில் அளவுக்குச்சியை எடுத்துப் பார்த்தா, ஓடஓடக் குறைய வேண்டிய ஆயில் ஏறியிருக்கும்! "வண்டி ஆயிலே குடிக்கல"ன்னு சந்தோஷப்படக்கூடாது. விரல்ல தொட்டு மோந்து பாருங்க. டீசல் வாசனை அடிச்சா வண்டியை நிறுத்துங்க. நீர்த்துப்போன ஆயில்ல ஓடினா பேரிங் காலி.

சொட்டாத ஒழுக்கு

பெருசா பம்ப் மாட்டலாமான்னு கேக்குறவங்க முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது இது. ஃபீட் பம்ப்புக்கு அப்புறம் இருக்கிற பைப்புல ஓட்டை விழுந்தா டீசல் வெளிய சொட்டும், கண்ணுக்குத் தெரியும். பம்ப்புக்கு முன்னாடி, அதாவது டேங்க்லேர்ந்து பம்ப் வரைக்கும் இருக்கிற பைப்புல ஓட்டை விழுந்தா ஓடும்போது சொட்டாது. அங்க உறிஞ்சுற பக்கம். வெளிக்காத்து உள்ள போகும். பைப் காய்ஞ்சுதான் இருக்கும், வண்டி மட்டும் மூச்சு வாங்கும்.

வெடிச்சுப்போன ரப்பர் ஹோஸ், தேய்ஞ்ச செம்பு வாஷர், டேங்க் உள்ள துருப்பிடிச்ச உறிஞ்சுகுழல், அடைச்ச வலை, இதெல்லாம் பத்து ரூபா, நூறு ரூபா சமாச்சாரம். இதைச் சரி பண்ணாம பெரிய பம்ப் மாட்டினா என்ன ஆகும்? முன்னைவிட வேகமா காத்தை உறிஞ்சும். :-) பம்ப்புக்கு முன்னாடி ஒரு முழம் கண்ணாடி மாதிரித் தெரியற ஹோஸை மாட்டி குமிழி வருதான்னு பார்க்கிற மெக்கானிக்கை நான் பார்த்திருக்கேன். நல்ல வைத்தியர் நாடி பிடிச்சுப் பார்க்கிற மாதிரி.

அமெரிக்காவுல நடந்த பாடம்

ஃபீட் பம்ப்பை மேம்படுத்துறது ஒரு பெரிய இயக்கமாவே நடந்த இடம் அமெரிக்கா. அது நமக்கு அந்நியமான கதையும் இல்லை. டாட்ஜ் ராம் பிக்கப்பில 1989-லேர்ந்து கம்மின்ஸ் பி வரிசை 5.9 லிட்டர் டீசல் இன்ஜின் வச்சாங்க. அதே பி வரிசைதான் 1993-ல தொடங்கின டாடா கம்மின்ஸ் கூட்டுக் கம்பெனி வழியா ஜாம்ஷெட்பூர்ல தயாராகி நம்ம டாடா லாரிகளுக்கு வந்துச்சு. நமக்கு லாரி இன்ஜின், அவங்களுக்குப் பிக்கப் இன்ஜின்.

ஆரம்பத்துல அந்த டாட்ஜ்ல காம் ஷாஃப்ட் ஓட்டுற ஃபீட் பம்ப்தான். 1998 நடுவுல மாடல் மாறினப்போ வி.பி.44ங்கற எலக்ட்ரானிக் ரோட்டரி பம்ப்பும், இன்ஜின் பிளாக்குல பொருத்தின எலக்ட்ரிக் லிஃப்ட் பம்ப்பும் வந்துச்சு. எலக்ட்ரிக் பம்ப்புக்குத் தள்ளத் தெரியும், தூரத்துலேர்ந்து இழுக்கிறது கஷ்டம். அதை டேங்க் பக்கத்துல வைக்காம, சூடும் அதிர்வும் இருக்கிற இன்ஜின்ல வச்சாங்க. அது பலவீனமாச்சு, செத்தும் போச்சு.

விஷயம் என்னன்னா, அது செத்தது ஓட்டுறவருக்குத் தெரியலை. பெரிய பம்ப்புக்குள்ள இருந்த சின்ன வேன் பம்ப் தானே உறிஞ்சிக்கிட்டு வண்டியை ஓட்டிச்சு. தன்னைக் குளிர்விக்கவும் உயவுக்கும் டீசல் பத்தாம பெரிய பம்ப் உள்ளுக்குள்ள தேய்ஞ்சுகிட்டே வந்து, ஒருநாள் நின்னுச்சு. சின்ன பம்ப் விலை ஒரு பங்குன்னா பெரிய பம்ப் விலை பல பங்கு. அதுக்கப்புறம்தான் ஓனர்கள் சேஸிஸ்ல டேங்க் பக்கத்துலயே வேற பம்ப் மாட்ட ஆரம்பிச்சாங்க. அதோட இன்னொண்ணும் மாட்டினாங்க. டிரைவர் கண்ணுக்கு எதிர்ல ஒரு பிரஷர் கேஜ்.

அங்க உண்மையான மேம்பாடு அந்தக் கேஜ்தான்னு எனக்குத் தோணுது. பம்ப் எவ்வளவு பெருசா இருந்தாலும் ஒருநாள் சாகும். செத்தது தெரிஞ்சாத்தான் பெரியவரைக் காப்பாத்தலாம்.

கை எட்டாத காலம்

கடைசிக் கட்டம் காமன் ரெயில். 1997-ல ஆல்ஃபா ரோமியோ 156 காரோட அது உலகத்துக் கார்களுக்கு வந்தது. நம்ம நாட்டுக் கார்ல 2002-ல ஹூண்டாய் ஆக்சென்ட். அப்புறம் பிக்கப்புக்கும் வந்துச்சு. ஏப்ரல் 2017-ல நாடு முழுக்க பி.எஸ்.4, ஏப்ரல் 2020-ல பி.எஸ்.6. புதுசா வாங்குற டீசல் பிக்கப்ல பழைய வரிசைப் பம்ப்புக்கு இனிமே இடம் இல்லை.

பழைய நாசில் 200 பார் அழுத்தத்துல திறந்துச்சு. காமன் ரெயில்ல அது 1,600, 2,000 பார்னு போகும். சில வண்டிகள்ல பெரிய பம்ப்புக்குள்ளயே இருக்கிற கியர் பம்ப் டேங்க்லேர்ந்து உறிஞ்சும். சில வண்டிகள்ல டேங்க்குக்குள்ளயே எலக்ட்ரிக் பம்ப். கையால அடிக்க ஃபில்டர் மேல ஒரு குமிழோ, பைப் நடுவுல ஒரு ரப்பர் பல்போ இருந்தாலே அதிர்ஷ்டம். எவ்வளவு அனுப்பணும்னு முடிவு பண்றது கம்ப்யூட்டர்.

ஒண்ணை மட்டும் சத்தமா சொல்லிடறேன். பழைய பழக்கத்துல, இன்ஜின் ஓடும்போது நாசில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கிற வேலையைக் காமன் ரெயில் வண்டியில செய்யவே செய்யாதீங்க. அந்த அழுத்தத்துல பீய்ச்சுற டீசல் தோலைத் துளைச்சு சதைக்குள்ள போயிடும். வெளிய பார்த்தா ஊசி குத்தின புள்ளிதான் தெரியும். "ஒண்ணுமில்ல"ன்னு விட்டா விரலே போகலாம். அப்படிப் பட்டுட்டா உடனே ஆஸ்பத்திரி, அதுவும் ஆபரேஷன் வசதி இருக்கிற ஆஸ்பத்திரி.

அப்போ, பெருசா மாட்டலாமா?

இப்ப அந்த ஓனர் கேள்விக்கு வருவோம்.

வரிசைப் பம்ப் வண்டியா? ஃபீட் பம்ப்ல ஸ்பிரிங், வால்வ், பிளஞ்சர் தேய்ஞ்சிருந்தா அதைப் புதுசாக்கினாலே போதும். அது தானா அளந்து கொடுக்கிற பம்ப். மேல கை வைக்க அவசியமே இல்லை.

ரோட்டரி பம்ப் வண்டியா? ரொம்ப ஜாக்கிரதை. இந்தப் பம்ப்கள்ல உள்ளழுத்தத்தை வச்சுத்தான் டைமிங்கே முன்னப்பின்ன நகரும். கணக்கில்லாத அழுத்தத்துல டீசலை உள்ள தள்ளினா டைமிங் கெடும், தண்டு சீல் பிதுங்கும், ஒழுகின டீசல் சம்ப்புக்குப் போகலாம். எலக்ட்ரிக் பம்ப் மாட்டியே ஆகணும்னா குறைஞ்ச அழுத்த பம்ப், டேங்க் பக்கத்துல, இன்ஜின் நின்னா தானும் நிக்கிற மாதிரி வயரிங். இன்ஜின் நின்ன பிறகும் ஓடுற பம்ப், விபத்து நேரத்துல எமன்.

காமன் ரெயிலா? கம்பெனி சொன்ன பம்ப், கம்பெனி சொன்ன ஃபில்டர். ஃபில்டரை நேரத்துக்கு மாத்துங்க, தண்ணியை வடிச்சு விடுங்க, டேங்க்கை அடிவரைக்கும் காய விடாதீங்க. இந்த மூணும்தான் அங்க நீங்க செய்யக்கூடிய அப்கிரேட்.

எந்தக் காலத்து வண்டியா இருந்தாலும் பொதுவான வைத்தியம் ஒண்ணு உண்டு. முதல்ல உறிஞ்சுற பக்கத்தைப் பாருங்க, அப்புறம் கேஜ் வச்சு அழுத்தத்தை அளந்து பாருங்க. அளக்காம மாத்துறதுக்குப் பேர் மேம்பாடு இல்லை, சூதாட்டம்.

புவியீர்ப்பு தூக்கினப்போ யாரும் கவனிக்க வேண்டியிருக்கலை. கை தூக்கினப்போ கிளீனர் பையனுக்கே வண்டியோட நாடி தெரிஞ்சது. கேமும் மின்சாரமும் தூக்க ஆரம்பிச்ச பிறகு நாம கவனிக்கிறதை விட்டுட்டோம். செலவு அங்கதான் ஆரம்பிக்குது. இருபதாயிரம் முப்பதாயிரம்னு பெரிய பம்ப்புக்குக் கொட்டுறவங்க, பக்கத்துல இருக்கிற அந்தச் சின்னவரை மாசம் ஒருதரம் எட்டிப் பார்த்தா போதும்.

கொசுறு: ஏ.சி. பம்ப்ல ஏ.சி.ன்னா குளுகுளு ஏ.சி.யும் இல்லை, மாற்று மின்சாரமும் இல்லை. ஆல்பர்ட் சாம்பியன்ங்கற மனுஷரோட முதலெழுத்து. பிரான்ஸ் நாட்டு சைக்கிள் ரேஸ் வீரர். அமெரிக்கா போய் ஸ்பார்க் பிளக் கம்பெனி வச்சார். அந்தக் கம்பெனி பேர்தான் பம்ப்புக்கும் ஒட்டிக்கிச்சு. சைக்கிள் மிதிச்சவர் பேரை நம்ம பண்ருட்டிப் பட்டறையில இன்னும் சொல்லிக்கிட்டிருக்காங்க, யாருன்னே தெரியாம. :-)